தோல் பைகளும் தையல் மெஷினும்

எதிர்வீட்டுக்காரர் தன் பழைய மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் தோல் பை மாட்டிக்கொண்டிருந்தார். பைகளைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைத் தானே செய்ததாகத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். புதுத்தோல் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அத்தா ஞாபகம் வந்தது. பாசத்தினால் அல்ல.

வளைகுடாவில் வேலை போய்த் திரும்பிய அத்தா கொண்டுவந்தது இரண்டு தோல் பைகளைத்தான். அம்மா ஜாக்கெட் தைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்தபோது அவளுடைய மெஷின் தரையில் கிடந்தது. ஸ்டாண்டின் இரும்புப் பட்டைகளைக் கழற்றி, அத்தா தன் ஓட்டை வண்டியில் பை மாட்டியிருந்தார். காலிப் பைகளோடு காந்தி மார்க்கெட்டைச் சுற்றிவிட்டு வாசலில் நின்று, "எல்லாம் என் கைவேலை" என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தார்.

அம்மா ஸ்பானரோடு வந்து வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பட்டைகளின் போல்ட்டுகளைக் கழற்றினாள்.

"என்ன செய்யிறே? எல்லாரும் பார்க்குறாங்க" என்றார் அத்தா.

"பார்க்கட்டும். வண்டி நின்னா நீங்க நடந்து போயிடுவீங்க. மெஷின் நின்னா புள்ளைங்க பட்டினி கிடக்கும்."

நண்பர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அத்தா இரண்டு பைகளையும் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து நின்றார். அவற்றை வாங்கி வைக்க எங்களில் யாரும் எழுந்திருக்கவில்லை.