மலாயாப் பொலிசும் எம். கந்தையாவும்

உங்கள் மனைவி சூதாடுவாரா?

கோபிக்க வேண்டாம். சென்ற தை மாதம் வரையில் யாராவது இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் நானும் கோபித்திருப்பேன். என் மனைவி மனோன்மணிக்குத் துரும்பு என்றால் சீட்டாட்டத் துரும்பு அல்ல, வைக்கோலில் கிடக்கும் துரும்புதான். சீட்டுக்கட்டைத் தொட்டும் அறியாதவள்.

அப்படிப்பட்டவள் சூதாட்ட விடுதியில் பிடிபட்டு, குற்றவாளியாகக் காணப்பட்டு, இரண்டு வாரம் மறியலில் கம்பி எண்ணியவள் என்று மலாயாப் பொலிஸ் எழுதி, முத்திரை குத்தி, விமானத் தபாலில் அனுப்பினால்... உங்களுக்கு எப்படி இருக்கும்?

நான் கடிதத்தைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நான் கிளிநொச்சியில் நீர்ப்பாசன இலாகாக் கந்தோரில் வாய்க்காலுக்கும் அணைக்கட்டுக்கும் படம் வரைகிறவன் என்பது பேப்பரில் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். உத்தியோக உயர்வுக்கான சிங்களச் சோதனை எழுதமாட்டேன் என்று வீறாப்பாக நின்றதும், அதன் பயனாக ஏழு வருடமாக ஒரே கதிரையைத் தேய்த்துக்கொண்டிருப்பதும் தெரியும். கடைசியில் கனடாவுக்கு விண்ணப்பித்தேன். படம் வரைகிறவர்கள் அங்கே தேவையாம். என்னை ஏற்றுக்கொண்டார்கள். பிள்ளைகள் இருவரையும் ஏற்றுக்கொண்டார்கள். மனைவியின் விசாவுக்கு மட்டும் ஒரு கடதாசி குறைகிறது என்றார்கள்.

மனோன்மணி பிறந்தது மலாயாவில். இப்போது மலேசியா என்கிறார்கள். எங்கள் வீட்டில் இன்னமும் மலாயாதான். ஜப்பான்காரரோடு நடந்த சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் பதினேழு வயதில் தாய் தகப்பனோடு இங்கே வந்தாள். வாழ்ந்த நாடுகளிலிருந்தெல்லாம் பொலிஸ் சான்றிதழ் வேண்டும் என்பது கனடாக்காரர் சட்டம். சித்திரை முடிவதற்குள் கொடுக்காவிட்டால் கோப்பை மூடிவிடுவார்களாம். பிறகு நால்வரும் எங்கள் ஊரான முரசுமோட்டையிலேயே இருக்க வேண்டியதுதான்.

கடிதம் எழுதுவதில் நான் கெட்டிக்காரன் அல்லவா? வீட்டில் டைப்ரைட்டர் இருக்கிறது. இந்தப் பத்தியே அதன் பக்கத்தில் இருந்துதான் எழுதப்படுகிறது. நானே மலாயாவுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் அடித்தேன். அங்கேதான் பிழை விட்டேன்.

நாங்கள் எப்படிப் பெயர் எழுதுவோம்? தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால், சொந்தப் பெயர் பின்னால். கலியாணத்துக்கு முன் என் மனைவி கே. மனோன்மணி. கந்தையாவின் மகள் மனோன்மணி. ஆனால் வெள்ளைக்காரர் முறையில் குடும்பப் பெயர் கடைசியில் அல்லவா வரவேண்டும்? என் இங்கிலீஷ் அறிவைக் காட்டிப் பெயரைத் திருப்பிப் போட்டேன். ‘எம். கந்தையா’. முன்னால் ‘மிஸ்’ போட மறந்தேன். பெண் என்றும் எழுதவில்லை, பிறந்த வருடமும் எழுதவில்லை. வாழ்ந்த விலாசங்களை மட்டும் ஒன்று விடாமல் அடித்திருந்தேன் — பிறந்த ரயில்வே குவாட்டர்ஸ் உட்பட.

பதில் வந்தது. மேற்படி ரயில்வே குவாட்டர்ஸில் வசித்த எம். கந்தையா என்பவர் பொதுச் சூதாட்ட விடுதியில்... மீதியை மேலே சொல்லிவிட்டேன்.

மனோன்மணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

“இஞ்சேருங்கோ, இது என்ன விசர்க் கதை? நானோ? மறியலிலையோ?”

“கத்தாதை. வருசத்தைப் பார்.”

பார்த்தோம். விரல் விட்டு எண்ணினோம். குற்றம் நடந்தபோது குற்றவாளிக்கு வயது ஆறு.

ஆறு வயதுச் சூதாடி! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மலாயாவில் யாழ்ப்பாணத்துக் கந்தையாக்களுக்கா பஞ்சம்? அதில் யாரோ ஒருவன் ஆடியிருப்பான், இவர்கள் பெயரை மாற்றிப் பிடித்துவிட்டார்கள், ஒரு கடிதத்தோடு சரிசெய்து விடலாம் என்று சொல்லிக்கொண்டே மனைவியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

“விலாசத்தைப் பாருங்கோ” என்றாள் மெதுவாக. “அது எங்கடை வீடு. முன்னாலை ஒரு ரம்புட்டான் மரம் நிண்டது. எனக்கு ஆறு வயசிலை திடீரெண்டு ஒருநாள் வீடு மாறினனாங்கள். ஏனெண்டு கேட்டதுக்கு அம்மா எனக்கு அடிச்சவா.”

முருகேசு கந்தையா. அதுவும் எம். கந்தையாதானே!

முருகேசு கந்தையா என்றால் என் மாமனார். முரசுமோட்டையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் எவரும் இல்லை. எல்லோருக்கும் அவர் ‘பென்சனியர்’. மலாயா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். இங்கே வந்து, காடு வெட்டி, வயல் செய்து, எழுபத்திரண்டு வயதிலும் வரம்பில் வழுக்காமல் நடப்பவர். மாமி காலமான பிறகு எங்களோடுதான் இருக்கிறார். மாதம் பிறந்து முதற் கிழமையில் வெள்ளை வேட்டி கட்டி, குடையும் எடுத்து, யாழ்ப்பாண பஸ் ஏறுவார். பென்சன் எடுக்க. பின்னேரம் பேரப்பிள்ளைகளுக்குத் தோடம்பழத்தோடு வந்து இறங்குவார்.

அவருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. காட்ஸ். செத்தவீட்டில் கூடச் சீட்டு விளையாட விடமாட்டார். எங்கள் பக்கத்தில் செத்தவீடு என்றால் பந்தலுக்குள் முந்நூற்றிநாலு ஆடாமல் சனத்துக்குப் பொழுது போகுமா? மூன்று வருடத்துக்கு முன் ஒரு செத்தவீட்டில், நெல் ஆலை முதலாளி, சமாதான நீதவானும் அவர்தான், நல்ல கையோடு இருந்த நேரத்தில் மாமா போய்ச் சீட்டுக்கட்டைப் பறித்துக் கிணற்றுக்குள் எறிந்தார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

அந்த மனிதரா சூதாட்ட விடுதியில் பிடிபட்டவர்?

நம்ப முடியவில்லை. நம்பாமல் இருக்கவும் வழியில்லை. எட்டு நாள் நானும் மனோன்மணியும் அவரிடம் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சோறு போடும்போது அவள் தகப்பனின் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன், களவாக. உங்களுக்குத் தெரிந்த முகம்தான், ஆனால் யாரோ என்று தோன்றும் — அப்படி ஒரு அனுபவம் உங்களுக்கு வராமல் இருக்கட்டும்.

அந்த எட்டு நாளுக்குள் கொழும்புக்கும் ஓடிப் போய் வந்தேன். கனடாக் கந்தோரில் இருந்த பெண்மணி நல்ல மனுஷி. பொறுமையாகக் கேட்டார். “உங்கள் மனைவி வேறு, அந்த எம். கந்தையா வேறு என்று நீங்கள் சொன்னால் போதாது. அந்த மற்ற ஆள் உயிரோடு இருக்கிறாரா? அவரே ஒரு சத்தியக் கடதாசி தந்தால் அதை மலாயாவுக்கு அனுப்பி, உங்கள் மனைவியின் சரியான பெயரில் புதுச் சான்றிதழ் எடுக்கலாம்” என்றார்.

அந்த மற்ற ஆள் எங்கள் முற்றத்தில் நெல்லுக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்!

ஊருக்கு வந்து சேர்ந்ததும் நேராக அவரிடம் போனேன். பையில் கடிதம்.

“மாமா... மலாயாவிலையிருந்து ஒரு கடிதம்...”

அவர் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே நின்றார். “வந்த அண்டைக்கே தெரியும் தம்பி. கடித உறையிலை மலாயாப் பொலிஸ் முத்திரையைப் பாத்தனான். அதை மறக்கேலுமோ? கேப்பியள், கேப்பியள் எண்டு எட்டு நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

“அப்ப... அது நீங்களோ?”

“ஓம். நான்தான்.”

ஒரு மழுப்பல் இல்லை. நான்தான் தடுமாறினேன்.

“சீனன்ரை கடைக்கு மேல்மாடி” என்றார். “முதல்நாள் சும்மா பாக்கப் போனனான். ரண்டாம்நாள் இருந்து விளையாடினன். பிறகு ரண்டு வருசம் எனக்கு வேறை நினைப்பில்லை. பொலிஸ் வந்து பிடிச்சிராட்டி இண்டைக்கும் அந்த மாடியிலைதான் இருந்திருப்பன்.”

குசினிக் கதவடியில் மனோன்மணி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

அன்று பின்னேரமே டைப்ரைட்டரை எடுத்து வைத்தேன். மாமா எதிரே கதிரையில் இருந்தார். நான் அடிக்க அடிக்க இங்கிலீஷில் வாசித்துக் காட்டினேன். ‘முருகேசு கந்தையா ஆகிய நான், மலாயா ரயில்வேயிலிருந்து ரிட்டயர் ஆன கிளார்க்...’

“நிப்பாட்டுங்கோ தம்பி.”

நிறுத்தினேன்.

“இது சத்தியக் கடதாசியெல்லோ?”

“ஓம் மாமா.”

“அப்ப அந்தச் சொல்லை எடுங்கோ. நான் ரிட்டயர் ஆகேல்லை. டிஸ்மிஸ்.”

வாசகர்களே, மறியல் கதை கேட்டு நான் அதிர்ந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய அதிர்ச்சி இந்த ஒரு சொல்தான். டிஸ்மிஸ் ஆனவருக்கு ஏது பென்சன்?

“அப்ப ஐயா, மாசாமாசம் யாழ்ப்பாணம் போறது?” என்று கேட்டாள் மனோன்மணி.

“சும்மா போறது பிள்ளை. முற்றவெளியிலை ஒரு மரத்துக்குக் கீழை இருந்திட்டு, தோடம்பழம் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலை வாறது.” பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்: “நான் ஒருநாளும் பென்சன் வருகுதெண்டு சொன்னதில்லை. மலாயாவாலை வந்தவன் எண்டவுடனை சனம் சொல்லிச்சுது. நான் மறுக்கேல்லை. கொம்மாவுக்கு மட்டும் தெரியும்.”

மனோன்மணி அழுதாள். எனக்கும் அழ வேண்டும் போலத்தான் இருந்தது. இருபது வருடமாக இந்த மனிதர் மாதம் ஒருநாள் வெயிலில் போய் இருந்து எடுத்த பென்சன் இது! பதினான்கு வருடம் அவரோடு ஒரே சோற்றைத் தின்றிருக்கிறேன். அவரைத் தெரிந்துகொள்ள நான் மலாயாவுக்குத் தபால் போடவேண்டி இருந்திருக்கிறது.

“மாமா, ரிட்டயர் எண்டதையே விட்டுவிடுவம். வெறும் கிளார்க் எண்டு போட்டால் போதும். ஒருத்தரும் கேக்கமாட்டினம்” என்றேன்.

“சத்தியத்திலை பாதி வைக்கிறதோ? ஏற்கெனவே ‘மிஸ்’ எண்ட ஒரு சொல்லு விட்டதாலை பிள்ளையின்ரை பயணம் நிக்குது. புதுத் தாளிலை அடியுங்கோ. வெட்டுக்கொத்து வேண்டாம்.”

புதுத் தாளில் அடித்தேன்.

இனிமேல்தான் பெரிய சோதனை. சத்தியக் கடதாசியில் சமாதான நீதவான் ஒருவர் முன்னால் கையெழுத்து வைக்கவேண்டும். நான் யாழ்ப்பாணத்துக்குப் போய், முகம் தெரியாத ஒருவரிடம் வைப்போம் என்றேன். மாமா கேட்கவில்லை. “என்னைத் தெரிஞ்ச ஆள்தான் நான் இன்னார் எண்டு சொல்லவேணும்” என்று சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். எங்கே? நெல் ஆலைக்கு!

முதலாளி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஆலை இரைந்துகொண்டிருந்தது. சூதாட்டம் என்ற இடம் வந்ததும் அவர் முகம் எப்படி மாறும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கிணற்றில் போன சீட்டுக்கட்டுக்கு வட்டியும் முதலும் அறவிட இதைவிட நல்ல நாள் அவருக்கு எப்போது வரப்போகிறது?

அவர் வாசித்து முடித்தார். கடதாசியைக் கீழே வைத்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் தரமாக மாமாவோடு பேசினார்.

“இருங்கோ பென்சனியர்.”

“இனி அப்பிடிக் கூப்பிடாதையுங்கோ. வாசிச்சனீங்கள்தானே?”

“வாசிச்சனான். அண்டைக்கு என்ரை கையிலையிருந்து ஏன் பறிச்சனீங்கள் எண்டு இப்பதான் விளங்குது.” பேனையை மாமாவின் பக்கம் நீட்டினார். “வையுங்கோ கையெழுத்தை. ஊருக்கு நீங்கள் பென்சனியர்தான். நான் ஒருத்தருக்கும் வாய் திறக்கமாட்டன்.”

அவர் வாய் திறக்கவில்லை. இப்போது திறப்பவன் நான். மாமாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். “சத்தியக் கடதாசியிலை வந்தது பேப்பரிலை வந்தாலென்ன? மாசாமாசம் பஸ்ஸிலை போற அலுப்பாவது குறையட்டும்” என்றார்.

போன செவ்வாய்க்கிழமை புதுச் சான்றிதழ் வந்தது. மிஸ் மனோன்மணி, கந்தையாவின் மகள்: இவருக்குப் பாதகமாக எதுவும் அறியப்படவில்லை. சித்திரை முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. மாமா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். “பிள்ளை தப்பியிட்டாள்” என்றார். அவ்வளவுதான். இந்தக் கடதாசி வந்தால் நாங்கள் போய்விடுவோம், வயலோடு அவர் தனியே இருப்பார் என்பது அவருக்குத் தெரியும். கையெழுத்து வைத்த அன்றைக்கும் தெரியும்.

நேற்று விசாவுக்கான கடைசிப் படிவத்தை நிரப்ப இருந்தேன். மனைவியின் பெயர் எழுதவேண்டிய கட்டம். என் பெயரைக் குடும்பப் பெயராகப் போடப் பேனையைத் திறந்தேன். மனோன்மணி கையைப் பிடித்தாள்.

“உங்கடை பேர் வேண்டாம். எம். கந்தையா எண்டே போடுங்கோ.”

“மறுபடியும் குழப்பம் வருமடி!”

“வரட்டும். அங்கை ஆரும் என்னைக் கூப்பிடேக்கை ஐயாவின்ரை பேரும் வரட்டும்.”

புருஷன் என்ற முறையில் எனக்கு இது இந்த வருடத்தின் நான்காவது அதிர்ச்சி. என்ன செய்ய... எழுதிக் கொடுத்தேன். இந்த முறை ‘மிஸஸ்’ போட மறக்கவில்லை!