முப்பத்தோராம் நாளும் குளிர்ந்த ஊற்றும்

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ணுக்கு வடமேற்கே ஒரு சிறு பட்டணத்தில் சோடாக் கொம்பனி ஒன்றில் வேலை பார்த்தேன். இயற்கையாகவே காஸ் கலந்த ஊற்றுத் தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்பவர்கள். அதற்காக அடித்த குழாய்க் கிணறு ஒன்று, முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை தானாகவே கூரை உயரத்துக்குப் பீறிட்டு எழும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல அடங்கிவிடும். அது எப்போது எழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கொப்பியில் எழுதுவது என் உத்தியோகம். படித்த படிப்புக்கு நல்ல வேலைதான்.

நான் திருகோணமலைக்காரன். நிலத்திலிருந்து தானாக வரும் தண்ணீர் என்றால் எனக்கு, எங்கள் ஊரில் செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் கடன் கழிக்கிற கன்னியா வெந்நீர்க் கிணறுகள்தான். முதல் நாள் இந்த ஊற்று எழுந்தபோது உடம்பு வெந்துவிடும் என்று ஓடினேன். கிணறு அடித்த ஒல்லாந்துக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். தண்ணீர் விறைக்கிற குளிர். கீழே நெருப்பு ஒன்றுமில்லை. கரியமிலவாயு சேர்ந்து சேர்ந்து, குலுக்கிய சோடாப் போத்தலைத் திறந்ததுபோலத் தண்ணீரைத் தூக்கி எறிகிறது, அவ்வளவுதான்.

அந்த வாயு காற்றைவிடப் பாரம். கிணற்றை ஒட்டியிருந்த வால்வுக் குழிக்குள் போய்த் தங்கிவிடும். இறங்குமுன் மெழுகுதிரியைக் கொளுத்தித் தகரப் பேணியில் வைத்துக் கயிற்றில் இறக்க வேண்டும். அணைந்தால் இறங்கக் கூடாது. அங்கே எல்லோருக்கும் இருந்த ஒரே சட்டம் அது.

அம்மா இறந்த தந்தியை மனைவிதான் உடைத்து வாசித்தாள். அது வந்தபோது ஊரில் எல்லாம் முடிந்திருந்தது. "ஓம்" என்றேன். சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை. அழுகை வரவில்லை. வரவில்லையே என்று முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கமும் போய்விட்டது. சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன், கொப்பியில் ஒரு கணக்கும் பிழைக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் காலை மனைவி எள்ளைக் கடதாசியில் சுற்றி என் பையில் வைத்தாள்.

"கன்னியாவுக்குப் போக ஏலாது. அங்கை அந்தத் தண்ணியிலையாவது எள்ளுத் தண்ணி இறைச்சுப்போட்டு வாங்கோ. மாமிக்கு நீங்கள் ஒரே பிள்ளை."

"பச்சைத் தண்ணியிலையோ?" என்றேன்.

"அவவுக்குத் தெரியவே போகுது? நீங்கள் வாயைத் திறந்து அம்மா எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. அது காணும்."

அந்த ஒரு சொல் என் வாயில் வருமா என்றுதான் அவளுக்குப் பயம்.

ஊற்று எழுந்தது. எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாய் வரவில்லை. ஊற்று அடங்கியது, நேரத்தை எழுதினேன். அடுத்த முறையும் அப்படித்தான். மூன்றாம் முறைக்கு முன் வால்வைத் திருகவேண்டி வந்தது. பேணியை இறக்கினேன். பாதி ஆழத்தில் மெழுகுதிரி அணைந்தது. நன்றாகப் பார்த்தேன். பிறகு ஏணியில் கால் வைத்தேன். சாகவேண்டும் என்று நினைக்கவில்லை. எதையுமே நினைக்கவில்லை.

சில படி இறங்கியதும் மூக்கு எரிந்தது. யாரோ கொலரைப் பிடித்து மேலே இழுத்தார்கள். ஒல்லாந்துக்காரர்தான். என்னைப் புல்லில் போட்டு முகத்தில் அறைந்தார், கத்தினார், மறுபடி அறைந்தார்.

"அம்மா செத்துப்போனா" என்றேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொன்னாய் என்று கேட்டார்.

மெழுகுதிரி அணைந்ததைக் கவனிக்கவில்லை என்று இங்கிலீசில் சொன்னேன்.