சிமெண்ட் கடை மாடியில் ஐந்து ராத்திரி

அவளைக் கோபக்காரி என்று சொல்கிறவர்கள் பாதிதான் சொல்கிறார்கள். கோபம் எல்லோருக்கும் வரும், போகும். அவளுக்கு வந்தால் பாயை விரித்துப் படுத்துக்கொள்ளும். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷமாக ஷெட்யூல் போடுகிறவள். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே எத்தனை நிமிஷம் நிற்க வேண்டும், எப்போது திரும்பி வந்து டீசல் போட வேண்டும் என்பதெல்லாம் அவள் எழுதுகிற தாளில்தான் ஓடும். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் நிமிஷக்காரி. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் அவளுக்குத் தெரியும். தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும்.

வீட்டுக்காரர் அச்சகத்தில் மெஷின்மேன். இருபத்தாறு வருஷம் காலண்டர் அச்சடித்தவர். மலை மேல் ஒரு கோட்டை, காட்டுக்குள் தண்ணீர் குடிக்கிற மான் கூட்டம், ஒரே பாறையில் குடைந்த மண்டபம் என்று பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு படம். லட்சக்கணக்கில் அச்சடித்துத் தள்ளினாரே தவிர ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை. வாயைத் திறந்து இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்கிற ரகமும் இல்லை. சிறுநீரகம் இரண்டும் கையை விரித்து, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபிறகு, ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் வைத்துச் சொன்னார். "அந்தக் கோட்டைக்கு மேல இருக்கிற வானம் நிஜமாவே அவ்வளவு நீலமா, இல்ல நாங்கதான் மையை அள்ளிப் போட்டோமான்னு ஒரு தடவ பாத்துடணும்."

அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

திங்கள், புதன், வெள்ளி மெஷினில் போய்ப் படுத்தாக வேண்டிய மனுஷரை எங்கே கூட்டிக்கொண்டு போவது? டிப்போ வேலை தெரிந்தவளுக்கு அதற்கு ஒரே பதில்தான். வண்டி எங்கே வேண்டுமானாலும் போகட்டும், ராத்திரி டிப்போவுக்கு வந்து நிற்க வேண்டும். அப்படி ஒரு டிப்போவைத் தேடினாள். கோட்டை, காடு, பாறை மண்டபம் மூன்றுக்கும் நடுவில், எதற்கும் எண்பது கிலோமீட்டருக்கு மேல் போகாத ஓர் ஊர். அந்த ஊரில் டயாலிசிஸ் மெஷின் இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, வெளியூர் ஆளுக்கு இடம் கொடுக்க வேண்டும்.

மூன்று ஊர்க்காரர்கள் இடம் இல்லை என்று போனை வைத்தார்கள். நாலாவது ஊர் ஒரு சந்தை ஊர். பார்க்க ஒன்றும் கிடையாது. அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ், ரத்த ரிப்போர்ட் அனுப்பு என்றாள், அனுப்பினால் பழசு என்றாள், புதுசு அனுப்பினால் முத்திரை தெரியவில்லை என்றாள். மூன்று மாதம் அலையாய் அலைந்து, கெஞ்சி, இரண்டு தடவை சண்டையும் போட்டு, புதனும் வெள்ளியும் விடிகாலை ஐந்தரைக்கு ஒரு மெஷினை வாங்கினாள். வழக்கமாக வருகிறவர்கள் வருவதற்கு முன்னால் முடித்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும் என்பது பேச்சு. ஒரு நிமிஷம் தாமதித்தால் மெஷினை அடுத்த ஆளுக்குப் போட்டுவிடுவேன் என்று நர்ஸ் சொன்னபோது அவளுக்கு அந்த நர்ஸைப் பிடித்துப்போனது.

ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் ஒரு சிமெண்ட் கடை. அதன் மாடியில் இரண்டு அறைகள் வாடகைக்கு. ஜன்னலைத் திறந்தால் மூட்டை அடுக்கிய கொட்டகை தெரியும். ஐந்து ராத்திரிக்கு எடுத்தாள்.

தாளை விரித்து ஷெட்யூல் போட்டாள். செவ்வாய் போய்ச் சேருவது. வியாழன் காடு. சனி கோட்டை. ஞாயிறு திரும்பும் வழியில் பாறை மண்டபம். புதனும் வெள்ளியும் மத்தியானம் வரை கட்டம் காலி. அதில் "ஓய்வு" என்று எழுதினாள். எழுதும்போதே பல்லைக் கடித்தாள்.

ஏனென்றால் டயாலிசிஸ் என்று எழுதக்கூடாது. யாருக்கும் தெரியக்கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட கட்டளை, முக்கியமாகத் தம்பிக்குத் தெரியவே கூடாது. எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிற தம்பிக்குப் பதினோரு மாதமாகச் சொன்னதெல்லாம் கொஞ்சம் பிரஷர் என்பதுதான். அவன் வரும்போதெல்லாம் வீட்டுக்குள்ளேயே முழுக்கைச் சட்டை. கேட்டால், பார்க்கிறவன் எல்லாம் பரிதாபப்படுவான், எனக்கு அது ஆகாது என்பார். வறட்டு கௌரவம் என்று அவள் எத்தனையோ தடவை மூஞ்சிக்கு நேராகவே திட்டியிருக்கிறாள். மனுஷர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். இந்த அழகில் பயணத்துக்குத் தம்பியும் வந்தாக வேண்டும் என்றார், அவனுடைய காரில்தான் போக வேண்டும் என்றார். ஒளித்து வைக்கவும் வேண்டும், கூடவே வைத்துக்கொள்ளவும் வேண்டும். கொழுந்தன் எப்படியும் ஒன்பது மணிக்கு முன்னால் கண் விழிக்கிற ஆள் இல்லை, எழுந்து கேட்டால் பிரஷர் பார்க்கப் போனோம் என்று சொல்லிவிடலாம் என்று அவளும் தலையாட்டித் தொலைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் காரோடு வந்து இறங்கினான். மோட்டார் பம்பு விற்கிறவன், நல்லவன், கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம். சாப்பிட்டு முடித்ததும் போனைத் துடைத்து அண்ணன் கையில் கொடுத்தான். ஏரிக்கரையில் மர வீடு, வாசலிலேயே மான். காட்டுக்குள்ளேயே ஐந்து ராத்திரி பதிவு செய்துவிட்டானாம். கார் நிறுத்த இடம் கேட்பதற்காக அவள் கொடுத்த நம்பரில் கூப்பிட்டு, சிமெண்ட் கடை மாடியை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டானாம்.

"உங்க ஷெட்யூலப் பாத்தேன் அண்ணி. ரெண்டு காலைல சும்மா படுத்துக் கிடக்கணும்னு போட்டிருக்கீங்க. அந்த சிமெண்ட் தூசியில படுக்கிறதுக்கு நம்ம வீட்டுலயே படுக்கலாமே. ஏரிக்கரையில உக்காந்தா அண்ணனுக்கு பிரஷர் தானா இறங்கும்."

அவளுக்கு அவன் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம்தான் பெரிது. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை தாள் பார்த்திருக்கிறாள். காரணம் எழுதாமல் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் எவனாவது ஒரு கன்ட்ரோலர் அதில் ஒரு டிரிப்பைச் சொருகாமல் விடமாட்டான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லித் தருகிறவள் அவள். அவளே விட்டாள், அவன் சொருகிவிட்டான்.

காட்டு கேட் சாயந்திரம் ஆறுக்குச் சாத்தினால் மறுநாள் காலை ஆறுக்குத்தான் திறக்கும். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு மலை வளைவில் இரண்டரை மணி நேரம். ஐந்தரைக்கு எங்கே போய்ப் படுப்பது?

வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் போனில் மானைப் பார்த்துக்கொண்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். கூப்பிட்ட விதத்திலேயே கொழுந்தன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். உள்ளே அவர் குரலைத் தாழ்த்தி, தம்பி ஆசையாகச் செய்திருக்கிறான், நாளைக்குத்தான் திங்கட்கிழமை முறை இருக்கிறதே, நடுவில் இரண்டு தடவைதானே, தண்ணீரைக் குறைத்துக் குடித்தால் சமாளித்துவிடலாம் என்றார்.

திங்கள் விட்டு அடுத்த திங்கள். ஒரு வாரம் முழுக்க. ஒரே ஒரு தடவை மழையில் தவறவிட்டதற்கே மூச்சு வாங்கி, உட்கார்ந்தபடியே ராத்திரியைக் கழித்த மனுஷர் பேசுகிற பேச்சு இது. தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூசிக்கொண்டு, செத்தாலும் பரவாயில்லை என்று நிற்கிறார். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கையில் இருந்த கரண்டியை மேடையில் போட்டாள். போட்டது கூடம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"சமாளிப்பீங்களா? யாரை? என்னையா, எமனையா?"

அவர் கையைப் பிடித்தார். உதறிவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். பின்னாலேயே அவர் வந்து, வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். இந்த ஒரு தடவை அவள் அந்தக் கண்ணைப் பார்க்கவில்லை.

"தம்பி, உங்க அண்ணனுக்கு பிரஷர் மட்டும் இல்ல. கிட்னி ரெண்டும் போயிடுச்சு. பதினோரு மாசமா டயாலிசிஸ். நீங்க சும்மா கிடக்கணும்னு சொன்னீங்களே, அந்த ரெண்டு காலைதான் அவர் உயிரு. மூணு மாசம் நாயா அலைஞ்சு வாங்கினேன்."

கொழுந்தன் சட்டென்று எழுந்திருக்கவில்லை. அண்ணனையே பார்த்தான். பிறகு வந்து, சின்னப் பையனுக்கு மாட்டிவிட்ட சட்டையைக் கழற்றுகிற மாதிரி, அவருடைய இடது கைப் பட்டனைக் கழற்றி முழங்கைக்கு மேல் சுருட்டினான். புடைத்துக் கிடந்த நரம்பையும் ஊசி குத்திய தழும்புகளையும் பார்த்தான். தொடவில்லை.

அப்புறம்தான் கத்தினான். அண்ணன் முகத்தைப் பார்த்து ஒருநாளும் குரல் உயர்த்தாதவன், பதினோரு மாதமாக நான் என்ன செத்தா போய்விட்டேன் என்றான். அவளையும் விடவில்லை, நீங்களும் சேர்ந்துதானே மறைத்தீர்கள் என்றான். அவள் வாங்கிக்கொண்டாள். கத்தி ஓய்ந்ததும் மர வீட்டுக்குப் போன் போட்டு ரத்து செய்தான். சிமெண்ட் கடைக்காரருக்குப் போட்டான். அறை அப்படியே இருந்தது. அந்த அறையை வேறு யார் கேட்கப் போகிறார்கள் என்று கடைக்காரர் சிரித்தது அவளுக்கே கேட்டது. பயணம் தப்பியது. உட்காரலாம் என்று அவள் நாற்காலியை இழுத்தாள்.

கொழுந்தன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன். உனக்கும் எனக்கும் ஒரே ரத்த குரூப். டெஸ்ட் எடுக்கச் சொல்லு. ஒண்ணை எடுத்துக்கட்டும்."

ஏதோ சட்டையைக் கொடுக்கிற மாதிரி சொன்னான். யோசித்துச் சொன்ன மாதிரியே இல்லை.

"இதுக்குத்தான்டா சொல்லல." வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து நின்றார். "உன்னைப் பத்தி எனக்குத் தெரியும். கேட்ட உடனே அறுத்துக் குடுத்துடுவ. உன் பொண்ணுக்கு ஆறு வயசுடா. எனக்கு வேணாம்."

அவர் மறைத்ததற்குக் காரணம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பரிதாபமும் இல்லை, கௌரவமும் இல்லை. பதினோரு மாதமாக அவள் வாய் ஓயாமல் திட்டியது எல்லாம் இல்லாத ஒன்றை. அதையும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் இந்த மனுஷர். அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் மறுபடி பொங்கிக்கொண்டு வந்தது.

"என்கிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன மூணாம் மனுஷியா?"

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். கோபமே இல்லாமல் பதில் சொன்னார். "உன்கிட்ட சொல்லியிருந்தா அன்னைக்கே அவனுக்கு போன் போட்டிருப்ப."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். கொழுந்தன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போட்டிருப்பாள். ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்க மாட்டாள்.