சிங்கம் பார்க்கப் போனவருக்கு நாங்கள் சொன்ன புத்தி

எண்பதுகளில் பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். எனக்கு மூன்று நாள் லீவு தராத பிரெஞ்சு முதலாளி, தான் மட்டும் மூன்று வாரம் ஆப்பிரிக்காவுக்குச் சிங்கம் பார்க்கப் புறப்பட்டார். போகிற நேரம் அங்கே தேர்தல் என்று கேள்விப்பட்டதும் மனுஷனுக்குப் பயம் பிடித்துவிட்டது. கலவர நாட்டுக்காரர்கள் என்று, இலங்கையரான எங்கள் இருவரிடமும் யோசனை கேட்டார்.

சமையல் செய்த யாழ்ப்பாணத்து அண்ணைக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"ஊரடங்கு போடுவாங்கள். பிஸ்கட், மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி எல்லாம் நிறைய வாங்கி வைக்கச் சொல்லு."

தேர்தலென்றால் ஊரில் நாங்கள் செய்வது அதுதான். அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். மிருகங்களைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் கண்ட ஒரே சிங்கம் இலங்கைக் கொடியில் வாளோடு நின்றது.

திரும்பி வந்த முதலாளி என்னை முறைத்தார். தேர்தல் அமைதியாக முடிந்ததாம். பிறகுதான், வாங்கி வைத்த பிஸ்கட் மணத்துக்குக் குரங்குக் கூட்டமொன்று அவர் தங்கிய கூடாரத்தைக் கிழித்துப் புகுந்து அவ்வளவையும் தின்றுவிட்டதாம்.

அதைத் தமிழில் சொன்னேன். அண்ணை வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"ஓம், எங்கடை ஊரிலையும் தேர்தல் முடிஞ்ச பிறகுதானே அதுகள் வந்து திண்டது."