சிவப்பு பல்பும் அத்தானின் கம்ப்யூட்டரும்

சாப்பாட்டுத் தட்டளவே இருக்கும் அந்தப் பச்சைக் கம்ப்யூட்டர் போர்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திரை கிடையாது, பெட்டி கிடையாது. வெறும் பலகை, அதில் சில சில்லுகள், ஓரத்தில் எண் பொத்தான்கள். அவ்வப்போது எடுத்துத் தூசி துடைத்து வைப்பேன்.

எண்பதுகளின் தொடக்கம். என் அக்காவுக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். ஜாலான் புசார் பக்கம் அவளும் அத்தானும் இருந்த அடுக்குமாடி வீட்டில், அவளைப் பார்த்துக்கொள்ள நானும் தங்கியிருந்தேன். அத்தான் ஹோட்டலில் மின்சார டெக்னீஷியன், அதிகம் பேசாத மனிதர். சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் இந்த போர்டை வாங்கி வந்து, சுவரோரமாகக் கம்பி ஓட்டி, விசிறி, விளக்கு, வானொலி எல்லாவற்றையும் அதனோடு இணைத்தார். கட்டிலோரம் வரிசையாக ஸ்விட்ச். அக்கா அழுத்தினால் போர்டுக்குப் பக்கத்தில் 'டக்' என்று சத்தம் வரும், விசிறி சுற்றும். வீடு முழுக்கக் கம்பி. நான் தடுக்கி விழுந்து திட்டாத நாளில்லை.

திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்பு பல்பு. ஏழு மணிக்கு அதைப் போட்ட பிறகுதான் ஜெபமாலை. கல்யாணமாகி வந்த நாள்முதல் அது அக்காவின் வேலை. உதவி என்று நினைத்து, அது தானாகவே எரியும்படி செய்துவிட்டார் அத்தான். அக்காவுக்கு வந்ததே கோபம்.

"மெஷின் போட்டா அது வெறும் லைட் லா. நான் போட்டாத்தாங்க ஜெபம். சமையல் போச்சு, நடை போச்சு, இதையும் பிடுங்கிக்காதீங்க."

அன்றைக்கே அதையும் கட்டிலோர ஸ்விட்சுக்கு மாற்றிவிட்டார் அத்தான். அதன்பின் சுவர்க் கடிகாரம் ஏழு அடித்து ஓய்ந்ததும் அவள் அழுத்துவாள், பல்பு எரியும். நோய் முற்றி, மற்ற ஸ்விட்சுகளை அவளால் அழுத்த முடியாமல் போனது. இதை மட்டும் தொட்டாலே வேலை செய்யும்படி மாற்றியிருப்பதாக அத்தான் சொன்னார். "பாத்தியா, இந்த விரல் இதுக்கு மட்டும் இன்னும் என் பேச்சக் கேக்குது" என்பாள் என்னிடம், முகமெல்லாம் பூரிப்பாக. அந்த நாள்களில் அத்தான் வேலையிலிருந்து வந்ததும் முக்காலி போட்டு ஏறிக் கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருப்பார். "அந்தக் கடிகாரத்தையே கல்யாணம் கட்டியிருக்கலாம் நீங்க" என்று சீண்டுவாள் அக்கா. அவர் சிரித்துக்கொள்வார்.

அவளை அடக்கம் செய்த அன்று மாலை, வீடு நிறைய உறவும் கோயில் பங்கு மக்களும். கட்டில் காலி. கடிகாரம் ஏழு அடித்து ஓய்ந்தது. பல்பை யார் போடுவது என்று ஒருவரையொருவர் பார்த்தோம். 'டக்.' பல்பு எரிந்தது.

"அவதான் வந்து போட்டுட்டா" என்று சிலுவை போட்டுக்கொண்டார் பெரியம்மா. நான் அத்தானைப் பார்த்தேன். தலை தூக்கவே இல்லை, தோள் குலுங்கியது. கடிகாரத்தை எதற்காகத் திருகினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போர்டு தானாகவே பல்பைப் போடும் நேரத்தோடு அதைப் பொருத்தி வைத்திருக்கிறார். அக்காவின் விரல் எப்போதோ ஓய்ந்துவிட்டது.

எல்லோரும் போனபின், "எத்தனை நாளா அத்தான்?" என்று கேட்டேன்.

"மழைக்காலத்துல இருந்து. அவளுக்குத் தெரியாது லா. நீயும் சொல்லிடாத" என்றார், அவள் இன்னும் உள்ளறையில் படுத்திருப்பதுபோல.

அத்தானும் போய்ச் சேர்ந்துவிட்டார். என் மகன் வீட்டில் இப்போது வாயால் சொன்னாலே எல்லா விளக்கும் எரிகிறது. போர்டைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, ஏழு மணிக்கு, படத்தோடு கொண்டுவந்த அந்தச் சிவப்பு பல்பை மட்டும் நான் என் விரலால் போடுகிறேன்.