மாத்திரை தொடாத மனிதர்

எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், என் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் ‘தராசு’ என்றுதான் சொல்வார்கள். தராசு பழுது பார்ப்பது அவர் தொழில். காய்கறிக் கடை, இறைச்சிக் கடை, நகைக் கடை, பார்சல் அலுவலகம் என்று எடை போடுகிற இடமெல்லாம் அவருக்கு வாடிக்கை. பழைய தட்டுத் தராசும் பார்ப்பார், எண் ஓடுகிற எலெக்ட்ரானிக் தராசும் பார்ப்பார். இரண்டில் எது உசத்தி என்று கேட்டால், “எது லஞ்சம் வாங்காதோ அது” என்பார். கையில் எப்போதும் ஒரு தகரப் பெட்டி. உள்ளே துணியில் பதித்த எடைக்கற்கள், அவற்றைத் தூக்கி வைக்க ஒரு சின்ன இடுக்கி. விரலால் தொட்டால் வியர்வை ஒட்டி எடை ஏறிவிடுமாம். அந்தப் பெட்டியை வீட்டில் வேறு யாரும் தொடக் கூடாது.

மனிதர் நல்லவர்தான். ஒரே ஒரு பீற்றல் உண்டு. “இந்த உடம்புக்குள்ள இதுவரைக்கும் ஒரு மாத்திரை போனதில்ல” என்பார். தலைவலிக்கு ஈரத்துணி, காய்ச்சலுக்குப் போர்வை. பல் பிடுங்கியபோது கொடுத்த வலி மாத்திரையைக் கூடக் குப்பையில் போட்டுவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பெருமையைக் கல்யாண வீட்டிலும் சொல்வார், சாவு வீட்டிலும் சொல்வார், படியில் எதிரே வந்தாலும் சொல்வார். காரணம் கேட்டால் செத்துப்போன அண்ணனைக் காட்டுவார்.

“அண்ணன் ஒண்ணுல ஆரம்பிச்சான். அப்புறம் ரெண்டாச்சு, மூணாச்சு. கடைசில சோத்தை விட மாத்திரைதான் அதிகம் தின்னான்.”

அண்ணன் போய்ச் சேர்ந்தது மாத்திரையாலா நோயாலா என்று குறுக்கே கேட்டவள் நான்தான். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் பார்சல் அலுவலகத்தில் பெரிய தராசு ஒன்றை நிமிர்த்தும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கே வேலை செய்கிறவர்கள் பதறி ஓடி வந்திருக்கிறார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே இவர் திரும்பித் தன் எடையைப் பார்த்து, “கூடக் காட்டுது” என்றாராம்.

ஆஸ்பத்திரியில் பரிசோதித்த டாக்டரம்மா, ரத்தக் குழாயில் கொழுப்பு படிந்திருக்கிறது, இப்போதைக்கு அறுவை சிகிச்சை வேண்டாம், தினமும் மதியம் சாப்பிட்ட பிறகு ஒரு மாத்திரை, விடாமல் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். இவர் இயற்கையாக எதுவும் கிடையாதா என்று கேட்டார்.

“பூண்டு சேத்துக்கோங்க, ஓட்ஸ் சாப்பிடுங்க, மீன் சாப்பிடுங்க, தினம் நடங்க. எல்லாம் நல்லதுதான். ஆனா மாத்திரைக்குப் பதிலா அது இல்ல. மாத்திரையோட அது. வேற எது வாங்கிச் சாப்பிட்டாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.”

தராசு காதில் ‘எல்லாம் நல்லதுதான்’ வரை விழுந்தது. மிச்சம் விழவில்லை.

மறுநாளே ஒரு பாட்டில் வாங்கி வந்தார். பூண்டு, மூலிகைப் பட்டை, ஆளிவிதை மூன்றையும் பொடித்து அடைத்த கேப்சூல். பழுப்பு நிறம். பாட்டில் மேல் ஒரு இதயப் படம், அதில் இரண்டு இலை துளிர்த்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் தகரப் பெட்டியைத் திறந்து, ஒரு கேப்சூலைத் தட்டில் வைத்து எடை பார்த்தார். பாட்டிலில் போட்டிருந்த எடை அப்படியே இருந்தது. “நாணயமான கம்பெனி” என்று முடிவு கட்டிவிட்டார். எடை சரியாக இருந்தால் சரக்கும் சரிதான் என்பது அவர் கணக்கு. அவர் தொழிலில் அது சரி.

அவர் மனைவி ஆயத்த உடைகளை ஆளுக்குத் தக்கபடி பிடித்துக் கொடுக்கும் கடையில் தையல் வேலை பார்க்கிறவள். அவள் கெஞ்சினாள், அழுதாள், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். மனிதர் மசியவில்லை. “இது மாத்திரை இல்லடி, சாப்பாட்டுச் சாமான்” என்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழுப்புக் கேப்சூலை விழுங்கிவிட்டு, படிக்கட்டு முழுக்கப் பூண்டு மணக்க ஏப்பம் விட்டுக்கொண்டு மறுபடி வேலைக்குப் போனார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டை பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது.

அப்புறம்தான் அவள் அந்த வேலையை ஆரம்பித்தாள். அவர் எழுந்திருக்கும் முன்னால் சமையலறை மேசையில் உட்கார்ந்து, கேப்சூலை நகத்தால் நெம்பி இரண்டாகப் பிரிப்பாள். பொடியைத் தட்டிக் கொட்டிவிட்டு, காலிக் கூட்டுக்குள் டாக்டர் கொடுத்த அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை நுழைத்து மறுபடி மூடி, பாட்டிலில் மேலாகப் போட்டு வைப்பாள். மூடிய தடம் தெரியாது. பட்டன் தைக்கிற விரல் அல்லவா! கொட்டிய பொடி பால்கனியில் இருந்த ரோஜாத் தொட்டிக்குப் போனது. அவர்கள் பால்கனிக்கும் என் பால்கனிக்கும் நடுவே ஒரு கம்பித் தடுப்புதான். இதயத்துக்கான சத்தெல்லாம் தின்ற அந்த ரோஜாச் செடி கொழுகொழுவென்று வளர்ந்தது. பூவை மோந்தால் மட்டும் ஊறுகாய் ஜாடிக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். இது என்ன கூத்து என்று நான் பிடித்துக்கொண்டதால்தான் விஷயம் எனக்குத் தெரிந்தது.

“அக்கா, உங்க காலைப் பிடிக்கிறேன். வெளியே மூச்சு விட்றாதீங்க. அவருக்குத் தெரிஞ்சா அப்புறம் அந்தப் பாட்டிலையும் தொடமாட்டாரு, எதையும் தொடமாட்டாரு.”

எனக்கு எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டேன். ஒன்றை மட்டும் கவனித்தேன். அவருடைய பூண்டு ஏப்பம் நின்றுவிட்டது. அதைக் கவனித்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனார்கள். கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். “மாத்திரை ஒழுங்கா போடறீங்க போல” என்றிருக்கிறார். தராசு தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தாராம். இவள் முந்திக்கொண்டு, “போடறாரு டாக்டர்” என்றாள். வெளியே வந்ததும் ஏன் பொய் சொன்னாய் என்று கத்தப்போகிறார் என்று பயந்துகொண்டே நடந்திருக்கிறாள். அவர், “பஸ் வந்துடும், சீக்கிரம் வா” என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. போகிற கடையிலெல்லாம் அந்த இலை துளிர்த்த பாட்டிலின் புகழ்தான். தராசைக் கழற்றிப் போட்டுக்கொண்டே, “ஒரு மாத்திரை போடாம கொழுப்பைக் குறைச்சேன், டாக்டரே அசந்துட்டாங்க” என்பார். இறைச்சிக் கடைக்காரர் வாங்கினார். பார்சல் அலுவலகத்தில் நாலு பேர் வாங்கினார்கள். எனக்கும் சிபாரிசு செய்தார். எனக்கு அப்போது இருந்தது பல்வலி.

அவள் மனதுக்குள் இதெல்லாம் உறுத்தினாலும், யாரோ எதையோ விழுங்குகிறார்கள், கெடுதல் இல்லாத பொடிதானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அவள் தம்பி வந்து நிற்கும் வரை அந்தச் சமாதானம் ஓடியது.

தம்பி ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறான். அவளுக்கு ஒரே தம்பி. போன வருஷம்தான் மாரடைப்பு வந்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, ஆளைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். தினமும் ஒரு கை மாத்திரை. அக்காள் புருஷன் சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. மாமாவின் பாட்டிலைத் தானும் வாங்கிவிட்டதாகச் சொன்னபோது இவள், “டாக்டர் மாத்திரையையும் விடாம போடு” என்று படித்துப் படித்துச் சொன்னாள். “சரிக்கா, சரிக்கா” என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் சாப்பிட வந்தான். பிடிக்கக் கொடுத்த சட்டையை வாங்க நான் அப்போது அவர்கள் வீட்டில் இருந்தேன். தராசு அப்போதுதான் மேசையில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். படியில் அவன் காலடி கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. காலடி இரண்டாவது மாடியில் நின்றுவிட்டது. அவள் கையில் கரண்டியோடு அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுபடி இரண்டு படி, மறுபடி நிறுத்தம். உள்ளே வந்தவன் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“என்னடா இப்படி மூச்சு வாங்கற?”

“ஒண்ணுமில்லக்கா. வேன்ல ஏசி இல்ல.” உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சிரித்தான். “அக்கா, ஒரு நல்ல சேதி. அந்தக் கண்றாவி மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன். மாமா வழிதான் இனிமே நமக்கும்.” சட்டைப் பையிலிருந்து இலை துளிர்த்த பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ரோஜாத் தொட்டியைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் புருஷன் நாளையிலிருந்து மாத்திரை இல்லாமல் இருப்பார். சொல்லாவிட்டால் தம்பி அடுத்த முறை இந்தப் படியை ஏறி வருவானோ மாட்டானோ. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“டேய்... மாமா சாப்பிடற பாட்டில்ல...”

“நீ இரு” என்றார் தராசு. தட்டைத் தள்ளி வைத்தார். “மாப்ள, நான் சாப்பிடறது டாக்டர் குடுத்த மாத்திரைதான்.”

தம்பி சிரித்தான். “அக்கா சொல்லிக் குடுத்துட்டாளா? ரெண்டு பேரும் சேந்து என்னை ஏமாத்தப் பாக்கறீங்க.”

அவர் எழுந்து போய்த் தகரப் பெட்டியையும் சின்னத் தட்டுத் தராசையும் கொண்டு வந்தார். தம்பியின் பாட்டிலிலிருந்து ஒரு கேப்சூலை ஒரு தட்டில் வைத்தார். தன் பாட்டிலில் மேலாக இருந்த ஒன்றை மறு தட்டில் வைத்தார். அவர் தட்டு விசுக்கென்று மேலே போனது.

“இது லேசு. எனக்கு ஆரம்பத்துலயே தெரியும். ஏப்பம் நின்னுது. காதுகிட்ட வச்சு ஆட்டினா உள்ள ஏதோ உருளுது. எடை போட்டேன். பிரிச்சும் பாத்தேன்.” தன் கேப்சூலை இடுக்கியால் பிரித்தார். வெள்ளை மாத்திரை தட்டில் விழுந்தது.

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப ஏன் மாமா எங்கிட்ட அப்படிச் சொன்னீங்க?”

“வாய் வரல மாப்ள. ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சுட்டேன். இவ கஷ்டப்பட்டு ஒளிச்சுக் குடுக்கறா, எனக்கும் கௌரவம் போகாம இருக்குன்னு விட்டுட்டேன். நீ உன் மாத்திரையோட சேத்து இதையும் போடுவேன்னு நினைச்சேன். அதை நிறுத்துவேன்னு நினைக்கல.” மனைவி பக்கம் கையைக் காட்டினார். “உனக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் இவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

சொல்லிவிட்டு இடுக்கியைக் கீழே வைத்தார். எடை பார்க்கிற எதையும் விரலால் தொடாதவர், அந்த மாத்திரையை விரலால் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார். கூடு இல்லாமல், வெறும் மாத்திரையாக. தண்ணீர் குடித்தார். இறங்கவில்லை. மறுபடி குடித்தார். இருமினார், கண்ணில் நீர் வந்தது. தம்பி எழுந்து அவர் முதுகைத் தட்டினான். ஒரு வழியாக உள்ளே போனது. குழந்தை மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு, “கசக்குது” என்றார்.

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டான். “வாக்கா, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிடலாம்.”

அவள் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

“தெரிஞ்சும் தினம் என்னை விடியுமுன்ன எழுந்து உக்கார வச்சீங்களே. நகமெல்லாம் பிஞ்சு போச்சு. படுத்துக்கிட்டே பாத்துட்டிருந்தீங்களா?”

அவர் இடுக்கியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

ஆஸ்பத்திரியில் தம்பியை உடனே படுக்க வைத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஸ்டென்ட் அடைத்திருக்கும் என்று திட்டினார்களாம். பிழைத்தான். தராசு வேலைக்குப் போகாமல், தான் சிபாரிசு செய்த கடை கடையாக ஏறி இறங்கினார். “அந்தப் பொடி கெடுதல் இல்ல. ஆனா என்னைக் காப்பாத்தினது அது இல்ல, டாக்டர் மாத்திரை. யாராவது உங்க மாத்திரையை நிறுத்தியிருந்தா இன்னைக்கே திரும்ப ஆரம்பிங்க.” இறைச்சிக் கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தாராம். பார்சல் அலுவலகத்தில் அவருக்குப் புதுப் பட்டப்பெயர் வைத்தார்கள். அது இங்கே வேண்டாம். என்னிடமும் வந்து சொன்னார். என் பல் அதற்குள் போயிருந்தது.

வீட்டில் அவள் அவரோடு பேசவில்லை. சாப்பாடு போடுவாள், மாத்திரை அட்டையைத் தட்டுக்குப் பக்கத்தில் பகிரங்கமாக வைப்பாள், போய்விடுவாள். அவர் தினமும் அந்த வெறும் மாத்திரையோடு போராடினார். இருமுகிற சத்தம் என் வீடு வரை கேட்கும். அண்ணன் கதை, கொள்கை எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும், மனிதருக்கு மாத்திரை தொண்டையில் இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். கேப்சூல் என்றால் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இத்தனை பெருமையும்.

தம்பி வீடு திரும்பிய மறுநாள் விடிகாலை, என் செடிகளுக்குத் தண்ணீர் விட நான் பால்கனிக்கு வந்தேன். அவர்கள் சமையலறையில் விளக்கு எரிந்தது. மேசையில் தராசு உட்கார்ந்திருந்தார். தகரப் பெட்டி திறந்து கிடந்தது. இலை துளிர்த்த பாட்டிலிலிருந்து கேப்சூலை எடுத்துப் பிரித்து, பொடியைக் கிண்ணத்தில் கொட்டி, எடைக்கல் தூக்குகிற இடுக்கியால் வெள்ளை மாத்திரையைக் கூட்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். கை பழகவில்லை. பாதி கூடு நசுங்கிப் போயிருந்தது.

அவள் தூக்கக் கலக்கத்தோடு வந்து சமையலறை வாசலில் நின்றாள். பிறகு எதிரே உட்கார்ந்து, அவர் கையிலிருந்ததை வாங்கி மூடிக் காட்டினாள்.

“நல்லா அழுத்தி மூடுங்க” என்றாள். “தொண்டையில பிரிஞ்சுக்கும்.”