காலி என்று எழுதிய அட்டை

என் மேஜை இழுப்பறையில் ஒரு பழுப்பு அட்டை இருக்கிறது. உள்ளங்கை அளவுதான். ‘காற்றுத் தொட்டி, காலி’ என்று அதில் என் கையெழுத்து. எவ்வளவு அழகு பாருங்கள், அச்சடித்த மாதிரி! அதை அடித்துவிட்டு, கீழே வேறொருவர் கோணலாக எழுதியிருக்கிறார். ஒரு மூலை கருகியிருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் கோல் மார்க்கெட் பக்கம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் இருந்தேன். பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த ஐஸ் ஃபேக்டரி ஒன்றைக் காலி செய்யும் வேலை எங்கள் அதிகாரியிடம் வந்தது. தஞ்சாவூர்க்காரர். மனிதருக்கு ‘தெரியாது’ என்ற சொல் மட்டும் வாயில் வராது. யாராவது வழி கேட்டால், தான் கேள்வியே படாத தெருவுக்கும் கையை நீட்டி ‘சீதா ஜாயியே’, நேராகப் போங்கள், என்பார். துருப்பிடித்த இயந்திரங்களைக் குடையால் தட்டித் தட்டி ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார். நான் அட்டையில் எழுதிக் கட்டினேன். அவற்றை வெட்டப்போகிற கேஸ் வெல்டர் சேலத்துக்காரர், தமிழ்தான் படிப்பார் என்பதால் தமிழிலேயே எழுதினோம்.

ஒரு மூலையில் ஆள் நீளத்துக்கு இரும்பு உருளை ஒன்று. அதை மட்டும் இரண்டு தரம் சுற்றி வந்தார். “காத்துத் தொட்டிதாம்மா, வேற என்ன! காலின்னு போடு” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியது எனக்குக் கேட்டது. நிச்சயமா சார் என்று கேட்டிருக்கலாம். எனக்கென்ன வந்தது என்று எழுதிவிட்டேன். எங்கள் ஃபாரத்தில் பெயருக்கு ஒரு கட்டம், நிலைமைக்கு ஒரு கட்டம். எதையும் வெறுமையாக விட்டால் மேலே இருந்து கேள்வி வரும். ஆபீஸ் புத்தி அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் அதிகாரி தயிர் சாதத்தைத் திறந்தபோது, வரைபடங்களை அமோனியா ஆவியில் நகலெடுக்கும் அறையின் பியூன் வந்து நின்றார். கதவின் பித்தளைத் தாழ்ப்பாளை மறுபடி அமோனியா அரித்துவிட்டதாம். “இஸ் பார் லோஹே கா தீஜியே, சாப்.” இந்தத் தடவையாவது இரும்பில் கொடுங்கள் என்று வழக்கமான புலம்பல். அதிகாரி ஸ்பூனைக் கீழே வைத்தார். அந்த ஃபேக்டரியில் திருடர்கள் பித்தளை வால்வு ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. உருளையில் மட்டும் இரண்டு வால்வுகளும் அப்படியே இருந்தன. அவை இரும்பு. வெறும் காற்றுக்கு எவன் தேடிப்போய் இரும்பு வால்வு வைப்பான்?

“ஐயையோ, அதுக்குள்ள அமோனியாம்மா! தீ வெச்சா வெடிச்சிடும்!”

ஸ்கூட்டர் ரிக்‌ஷாவில் வழி முழுக்க “ஜல்தி பையா, ஜல்தி” என்று அதிகாரி டிரைவரை அவசரப்படுத்திக் கத்திக்கொண்டே வந்தார். உள்ளே ஓடினால், உருளையின் முன்னால் வெல்டர் குந்தியிருந்தார். கையில் நீலத் தீ.

“நிறுத்துப்பா!”

“காலின்னு நீங்கதானே சார் எழுதிருக்கீங்க?”

பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரிக்கு மூச்சு வாங்கியது. “தப்புப்பா. அது என்னன்னே எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் சொன்னேன்.”

இரும்புத் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்த வெல்டரின் மனைவி கூடையைத் தொப்பென்று போட்டாள். “நல்லா எழுதுனீங்க போங்க! தெரியலன்னா தெரியலன்னு எழுதுறதுக்கு என்ன? நாங்க என்ன உங்க வேலையவா புடுங்கப்போறோம்?” அதிகாரி தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். பேசி முடித்துவிட்டு அழுதாள். பிறகு அவளே அவருக்கு ஒரு டம்ளர் டீயும் கொடுத்தாள். அவர் என்னிடம் பேனா வாங்கி, அட்டையில் இருந்ததை அடித்து, ‘தெரியாது. தொடாதே’ என்று எழுதினார்.

அடுத்த நாள் கரோல் பாக்கிலிருந்து வந்த ஐஸ் மெக்கானிக், உருளையில் அமோனியா இருப்பதை உறுதிசெய்து, குழாய் வைத்துத் தண்ணீர்ப் பீப்பாய்களுக்குள் மெல்ல இறக்கினார். தெருமுனையில் நின்ற எங்களுக்கே கண் எரிந்து நீர் கொட்டியது. வெல்டர், அவர் மனைவி, அதிகாரி, நான் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பைத்தியம் பிடித்த மாதிரி சிரித்தோம். அப்பாடா, அப்படி ஒரு சிரிப்பு அதற்குப் பிறகு நான் சிரித்ததில்லை. அன்றே அதிகாரி எல்லா அட்டைகளையும் திரும்பப் பார்த்தார். பாதிக்கு மேல் ‘தெரியாது’ ஆயிற்று. மேலே இருந்து கேள்வி வந்தது. “வரட்டுமே” என்றார்.

இப்போது லோதி ரோட்டில் யாராவது வழி கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்று சட்டென்று சொல்லிவிடுகிறேன். மனசு லேசாக இருக்கிறது. உருளை காலியானதும் அட்டையை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அந்த மூலையைக் கவனித்தேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தீ அதைத் தொட்டிருக்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் என் சுண்டுவிரலை அங்கே வைத்துப் பார்ப்பேன். கருகியது நகத்தளவுகூட இல்லை. நல்லவேளை, அதோடு நின்றது.